மெமோவுக்குப் பதில்

கிளை மேலாளர் அய்யா அவர்களுக்கு,
வண்டி கழுவும் ராத்திரி ஷிப்ட்
சொரிமுத்து எழுதிக்கொள்வது.
பதினாலாம் தேதி ராத்திரி இரண்டு பத்துக்கு
டிப்போவுக்குள் சத்தமாகச் சிரித்தது ஏன் என்று
மூன்று நாளில் விளக்கம் கேட்டிருந்தீர்கள்.
ஒன்பது நாள் ஆகிவிட்டது, மன்னிக்கணும்.

சிரித்தது உண்மை.
நான் மட்டுமில்லை, மூன்று பேர்.
நாலாவது ஆள் ஞானதிரவியம் சிரிக்கவில்லை.
அவருக்குப் பல்வலி.

நடந்தது இதுதான்.
மாஞ்சோலை வண்டி எங்கள் கைக்கு வரும்போது மணி இரண்டு.
மலை வளைவு மொத்தத்தையும் யாரோ ஒரு பிள்ளை
கடைசி சீட்டுக்கு அடியில்
இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது.
அதை யார் அள்ளுவது என்பதற்கு
எங்களுக்குள் ஒரு முறை உண்டு.
கண்ணை மூடி மோந்து பார்த்துச்
சால்னாவா சாம்பாரா என்று சொல்லணும்.
தப்பாய்ச் சொன்னவன் வாளியைத் தூக்கணும்.
முப்பிடாதி, "கேசரி" என்றான்.

வாளியோடு ஏறப் போனவனைப்
படியில் மறித்தான் பீர்மைதீன்.
"லக்கேஜ் டிக்கெட் எடுலே."
"மடியிலதான வச்சிருக்கேன், பிள்ள மாதிரி."
"என்ன வயசு?"
"அஞ்சு நெறையல."
"அப்பம் டிக்கெட் வேண்டாம்,
ஆனா சன்னல் சீட்டு கேட்டு அழக் கூடாது."

அப்போதுதான் அய்யா
உங்கள் குவார்ட்டர்ஸில் லைட் எரிந்தது.

மெமோவில் இல்லாத இன்னொன்றையும்
நானே ஒப்புக்கொள்கிறேன்.
வண்டி நுழையும்போது போர்டைப் பார்க்க மாட்டோம்.
டயரைப் பார்த்து ஊர் சொல்லணும்.
தேரிச் செம்மண் என்றால் திசையன்விளை.
கரிசல் அப்பியிருந்தால் விளாத்திகுளம்.
சன்னல் கம்பியில் மீன் செதில் மினுங்கினால் உவரி,
அதைக் கண்ணு தெரியாதவனும் சொல்லுவான்.
ராதாபுரம் வண்டியில்தான் ஒன்றும் இருக்காது,
காற்று வழியிலேயே கழுவி விட்டிருக்கும்.
தோற்றவன் டீ வாங்கணும்.
என் சம்பளத்தில் பாதி அப்படித்தான் போகிறது.

மெமோ வந்த நாளிலிருந்து யாரும் சிரிக்கவில்லை.
கணக்கு எழுதி வைத்தேன்.
முன்பு ராத்திரிக்கு நாற்பத்தாறு வண்டி,
இப்போதும் நாற்பத்தாறு.
தண்ணீரும் அதே தொட்டி, அதே அளவு.
ஆகவே சிரிப்பால் கழகத்துக்கு லாபம் என்று
எழுத எனக்கு வழியில்லை.
நஷ்டம் என்று எழுத உங்களுக்கும் இல்லை.

ஒரே ஒரு வித்தியாசம்.
முன்பெல்லாம் எப்போதாவது கடிகாரத்தைப் பார்த்தால்
நாலு அடித்திருக்கும்.
இப்போது எப்போது பார்த்தாலும் இரண்டேகால்.
நாற்றம் முன்பும் இருந்தது அய்யா,
இப்போதுதான் நாறுகிறது.
முப்பிடாதி பகல் ஷிப்ட் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான்.
ஞானதிரவியம் பல்லைப் பிடுங்கியாச்சு,
சிரிக்கத் தயாராய் இருக்கிறார்,
விஷயம்தான் இல்லை.

இவ்வளவுதான் என் விளக்கம்.
நடவடிக்கை எடுப்பது உங்கள் சித்தம்.

பின்குறிப்பு:
நேற்று ராத்திரி உங்கள் ஜீப்பைக் கழுவினோம்.
டயர் இடுக்கில் கறுப்பும் சிவப்பும் கலந்த மண்,
நடுவில் கொஞ்சம் உமி.
முப்பிடாதி முக்கூடல் என்றான்.
பீர்மைதீன், "களக்காடு.
வாழத்தார் வாங்கப் போயிருப்பாரு."
ஞானதிரவியம் மண்ணை நகத்தால் சுரண்டிப் பார்த்து,
"மாமனார் வீடு" என்றார்.
எந்த ஊருவே என்று கேட்டதற்கு
"அது மண்ணுல எழுதியிருக்காது" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை, சத்தியம்.
பீர்மைதீன் மட்டும் துடைக்கிற துணியை வாயில் திணித்துக்கொண்டு
தொட்டிக்குப் பின்னால் போனான்.

விடை தெரிந்தவர் நீங்கள் ஒருத்தர்தான்.
எப்போது வேண்டுமானாலும் வந்து சொல்லலாம்,
இரண்டு மணிக்கு மேல் வந்தால் நல்லது.
ஐந்து டீ பாக்கி நிற்கிறது.